மதிப்பெண் வந்துவிட்டது, படிக்க வந்ததா?

ஆண்டுதோறும் நம் சங்கத்தின் பரிசளிப்பு விழாவில், பொதுத் தேர்வில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளை மேடைக்கு அழைத்துப் பாராட்டுகிறோம். பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே பிள்ளைகளில் சிலர் கல்லூரியில் முதல் ஆண்டு முடிவதற்குள் முகம் வாடி நிற்பதையும் பார்க்கிறோம். பாடம் புரியவில்லை, பேராசிரியர் வேகமாகப் போகிறார், இந்தப் படிப்பே வேண்டாம் என்று காரணங்கள் பல சொல்லப்படும். அருகில் உட்கார்ந்து விசாரித்தால் பெரும்பாலும் ஒன்றுதான் தெரியவருகிறது. பிள்ளைக்கு வரிகளைத் தடையில்லாமல் படிக்க வரும். ஆனால் அந்தக் கட்டுரையை எழுதியவர் என்ன சொல்ல வருகிறார், எதை வைத்துச் சொல்கிறார், அதை நாம் ஏற்கலாமா என்று கேட்டால் பதில் வராது.

நான் கல்வியாளன் அல்லன். 1979இல் ஒரு டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து கரக்பூருக்கு வந்து ரயில்வேயில் சேர்ந்தவன். 39 ஆண்டுகள் தண்டவாளத்தைப் பராமரிப்பதே என் வேலை. 2018இல் ஓய்வு பெற்ற பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து படித்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் கண்டவற்றை, வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

பேச்சு வேறு, படிப்பு வேறு

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், கடைவீதியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கு மொழியில் புகுந்து விளையாடுகிறார்கள். 'என் பையன் இங்கிலீஷில் பொளந்து கட்டுவான்' என்று நாம் பெருமைப்படுகிறோம். சரளமாகப் பேசுகிறான், ஆகவே மொழி வந்துவிட்டது என்று முடிவும் செய்துவிடுகிறோம். அங்கேதான் கணக்குத் தப்புகிறது.

கனடா நாட்டுக் கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979ஆம் ஆண்டிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். அன்றாடம் பேசுவதற்கான மொழித்திறன் ஒன்று, பாடநூலைப் படித்துச் சிந்திப்பதற்கான மொழித்திறன் இன்னொன்று. குடிபெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முதலாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. இரண்டாவதில் உடன் படிக்கும் பிள்ளைகளுக்குச் சமமாக வர 5 முதல் 7 ஆண்டுகள் வரை ஆகிறது என்று அவர் கண்டார். பேச்சின் சரளம், படிப்பில் உள்ள குறையை மூடி மறைத்துவிடுகிறது. பெற்றோருக்கும் தெரிவதில்லை, ஆசிரியருக்கும் தெரிவதில்லை. பள்ளிவரை கைடும் மனப்பாடமும் கைகொடுக்கின்றன. கல்லூரியில் அந்தக் கை விட்டுப்போகிறது.

தேர்வுகளும் இப்போது இதைத்தான் சோதிக்கின்றன. சட்டக் கல்லூரிகளுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு 2020 முதல் முழுவதும் பத்திகளைப் படித்து விடை சொல்லும் முறைக்கு மாறிவிட்டது. பொது அறிவுக் கேள்விகூட ஒரு பத்தியின் கீழேதான் வருகிறது. குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் 2 மணி நேரத்தில் 80 வினாக்கள். அவற்றில் படித்துப் புரிந்துகொள்ளும் பத்திகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தத் தாளில் 33 விழுக்காடு எடுக்காவிட்டால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தாலும் பயனில்லை. மனப்பாடத்தை நம்பிப் போனவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

பள்ளி நூல் சொல்லும், கல்லூரி நூல் வாதாடும்

பள்ளிப் பாடநூல் 'இது இப்படி' என்று சொல்லிவிடும். நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். கல்லூரியில் கையில் தரப்படும் நூல் அப்படிப்பட்டது அன்று. 'மற்றவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், நான் இப்படிச் சொல்கிறேன், காரணம் இவை' என்று அது வாதாடும். வழக்கு மன்றத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் அதைப் படிக்க வேண்டும்.

நம் குடியிருப்பில் ஒரு பெண். தந்தை வெல்டர். வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், கொல்கத்தாவில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம். முதல் செமஸ்டரில் 1943 வங்காளப் பஞ்சம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நூலகத்தில் இருந்ததையெல்லாம் பார்த்து எட்டுப் பக்கம் எழுதினாள். 'தகவல் இருக்கிறது, உன் வாதம் எங்கே?' என்று ஒரு வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். படிப்பை நிறுத்திவிட்டு நர்சிங் போகிறேன் என்று வீட்டில் அழுகை. இன்னொரு படிப்புக்குப் பணம் கட்ட அந்தத் தந்தையால் இயலாது. என்னிடம் அழைத்து வந்தார்.

அந்தக் கட்டுரைக்கு அவள் படித்திருந்தது அமர்த்தியா சென் எழுதி 1981இல் வெளிவந்த பஞ்சங்களைப் பற்றிய நூலின் ஒரு அத்தியாயம். 'என்னம்மா சொல்கிறார்?' என்று கேட்டேன். 'பஞ்சத்துல நிறையப் பேர் செத்துப் போனாங்கன்னு சொல்றார், மாமா' என்றாள். அது ஊரறிந்த செய்தி. அதைச் சொல்ல ஒரு நூல் எதற்கு?

மறுபடி படித்தோம். இந்த முறை ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரே வரி எழுத வேண்டும் என்று விதி வைத்தேன். தமிழிலேயே எழுதலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. ஓரத்து வரிகளை மட்டும் வரிசையாகப் படித்தபோது வாதத்தின் எலும்புக்கூடு தெரிந்தது. பஞ்சம் என்றால் உணவு இல்லாமல் போவது என்பது பொதுவான எண்ணம். சென் அதை மறுக்கிறார். 1943இல் வங்காளத்தில் கிடைத்த உணவு தானியம், முந்திய ஐந்து ஆண்டுகளின் சராசரியைவிட 5 விழுக்காடுதான் குறைவு, பஞ்சம் இல்லாத 1941ஐவிட 13 விழுக்காடு அதிகம் என்று கணக்குக் காட்டுகிறார். பின் ஏன் இலட்சக்கணக்கானோர் மடிந்தார்கள்? தானியம் இருந்தது, அதை வாங்கும் சக்தி கூலித் தொழிலாளிக்கும் மீனவருக்கும் இல்லாமல் போயிற்று என்பது அவர் வாதம். போர்க்காலச் செலவால் விலை ஏறியது, கூலி ஏறவில்லை.

இது புரிந்ததும் அந்தப் பெண் கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான் கல்லூரிப் படிப்பு. 'மாமா, அந்த 5 விழுக்காடு கணக்கு எங்கேயிருந்து வந்தது? அந்தக் காலத்து விளைச்சல் கணக்கு சரியா இருந்திருக்குமா?' அதே கேள்வியைப் பீட்டர் பௌபிரிக் என்ற பொருளாதார அறிஞர் 1986இல் எழுப்பி, சென்னின் புள்ளிவிவரங்களை மறுத்து எழுதியிருக்கிறார். அவள் அதையும் தேடிப் பிடித்தாள். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி, யாருடைய சான்று எங்கே வலுவானது, எங்கே மெலிந்தது என்று புதிதாக ஐந்து பக்கம் எழுதினாள். பக்கம் குறைந்தது, மதிப்பு கூடியது. இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

படிக்கும் முறை

நான் பிள்ளைகளிடம் வலியுறுத்துவது நான்கு பழக்கங்கள்தான்.

முதலாவது, நுழையும் முன் சுற்றிப் பார்ப்பது. புதிய செக்‌ஷனுக்கு மாற்றலாகிப் போனால் முதல் வேலையாக அதைக் கால்நடையாக நடந்து பார்ப்போம். வளைவு எங்கே, பாலம் எங்கே, பலவீனமான இடம் எங்கே என்று தெரிந்த பிறகுதான் பழுது பார்ப்பது. நூலிலும் தலைப்பு, உட்தலைப்புகள், முதல் பத்தி, கடைசிப் பத்தி, வெளிவந்த ஆண்டு ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, 'இது எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது?' என்று தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, இணைப்புச் சொற்களில் நின்று போவது. 'பட்', 'ஹவ்எவர்', 'அன்லெஸ்', 'தேர்ஃபோர்' போன்றவை சிறு சொற்கள். ஆனால் தண்டவாளத்தில் பாயிண்ட் எப்படியோ அப்படித்தான் அவை. வண்டி எந்தப் பாதைக்குத் திரும்பும் என்பதை அவையே தீர்மானிக்கின்றன. ரயில்வே விதி நூலில் 'ஷல்' என்றால் செய்தே ஆக வேண்டும், 'மே' என்றால் செய்யலாம். இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விதியைப் படித்தவர், விதியையே படிக்கவில்லை என்றுதான் பொருள். கடினமான பெரிய சொற்களுக்கு அகராதி இருக்கிறது. இந்தச் சிறு சொற்களுக்குக் கவனம் ஒன்றுதான் உண்டு.

மூன்றாவது, பத்திக்கு ஒரு வரி. சொந்தச் சொல்லில் எழுத வேண்டும். நூலின் சொற்களையே திருப்பி எழுதினால் அது நகல். எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி புரியவில்லை என்று பொருள். மறுபடி படிக்க வேண்டியதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான்காவது, மூடிவிட்டுச் சொல்வது. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் அறிஞர்கள் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றப் பிரிவினர் படித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ், நினைவுகூர்ந்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. தேர்வுக்கு முதல் நாள் இரவு பலமுறை புரட்டிவிட்டு, 'எல்லாம் தெரியும்' என்று போகும் பிள்ளை எதனால் ஏமாறுகிறது என்பதற்கு இதுவே விடை.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்திலேயே மாணவன் பாடம் பயில வேண்டிய முறை வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. கேட்டதை மனத்தில் அசைபோடுவது, ஆசிரியரிடம் மறுபடி போய்க் கேட்டுத் தெளிவது, உடன் படிப்பவர்களோடு பயில்வது, கேள்வி கேட்பது, கேட்ட கேள்விக்கு விடை சொல்வது எல்லாம் அதில் உண்டு. கேள்வி கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று அடக்குவது நம் மரபு இல்லை. இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

எந்தத் தேதியில் எழுதியது?

சிந்தித்துப் படிப்பது என்றால் எல்லாவற்றையும் சந்தேகப்படுவது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. எதை, எந்த அளவுக்கு நம்பலாம் என்று அளந்து பார்ப்பதுதான் அது.

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. உலகிலேயே நீளமான ரயில் பிளாட்பாரம் எது? பழைய பொது அறிவு நூல்களில் கரக்பூர், 1072.5 மீட்டர் என்று இருக்கும். 2013க்குப் பின் வந்தவற்றில் கோரக்பூர், 1366 மீட்டர் சொச்சம். 2023 மார்ச்சுக்குப் பின் ஹூப்ளி, 1507 மீட்டர். மூன்றும் அச்சிட்ட நூல்கள். மூன்றும் எழுதப்பட்ட காலத்தில் சரி. ஆண்டைப் பார்க்காமல் படிக்கும் பிள்ளைக்கு மட்டும்தான் குழப்பம். எங்கள் அலுவலகத்தில் விதி நூலுக்கு அவ்வப்போது கரெக்‌ஷன் ஸ்லிப் வரும். பழைய விதியின் மேல் அதை ஒட்டிவிட்டுத்தான் நூலைப் பயன்படுத்துவோம். ஒட்டாத நூல் கையில் இருப்பது, நூல் இல்லாததைவிட ஆபத்து. படிக்கும் எந்தச் செய்திக்கும் 'இதற்குப் பின் கரெக்‌ஷன் ஸ்லிப் வந்திருக்கிறதா?' என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறேன்.

யார் சொல்கிறார்கள், எப்படித் தெரியும்?

2023 ஜூன் 2ஆம் நாள் மாலை ஒடிசாவில் பாகாநாகா பஜார் நிலையத்தில் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி, லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம் வீடுகளில் அந்த வண்டியில் பயணம் செய்யாதவர் யார்? அன்றிரவு எல்லார் வீட்டிலும் தொலைபேசி ஓயவில்லை.

அடுத்த ஞாயிறு பிள்ளைகள் தங்கள் கைபேசிக்கு வந்த செய்திகளோடு வந்தார்கள். மூன்றை எடுத்துத் தாளில் எழுதினோம். ஒன்று, ஓட்டுநர் கவனக்குறைவு. இரண்டு, ஒரு மதத்தினரின் சதி. மூன்று, கவச் கருவி இல்லாததால்தான் விபத்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? வேறு விளக்கம் உண்டா?' என்று எழுதச் சொன்னேன்.

ஓட்டுநருக்குப் பச்சை சிக்னல்தான் கிடைத்திருந்தது, வேகமும் வரம்புக்குள்தான் என்று ரயில்வே வாரியமே சொல்லிவிட்டது. முதலாவது நிற்கவில்லை. இரண்டாவதற்குச் 'சான்று' என்று வந்தது, தண்டவாளத்தை ஒட்டித் தெரிந்த கட்டடம் ஒன்றின் படம். மசூதி என்று பரப்பினார்கள், அது ஒரு கோயில். வதந்தி பரப்புவோர் மீது நடவடிக்கை எடுப்போம் என்று ஒடிசா காவல்துறை எச்சரிக்க வேண்டியதாயிற்று. மூன்றாவதுதான் நல்ல பாடம். அந்தத் தடத்தில் கவச் இல்லை என்பது உண்மை. இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்பது வேறு கூற்று. முதலாவது உண்மை என்பதால் இரண்டாவதும் உண்மையாகிவிடாது, அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். பாதி உண்மையோடு ஒட்டிக்கொண்டு வரும் முடிவுதான் படித்தவரையும் ஏமாற்றும்.

பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை முடிவு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்த நிலையத்தில் முன்பு சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்திலும், 94ஆம் எண் லெவல் கிராசிங்கில் மின் தடுப்பை மாற்றும் வேலையிலும் ஏற்பட்ட தவறுகளே காரணம் என்று அதில் கண்டார்கள். பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொன்னேன். இந்தப் பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வண்டி ஓட்டுபவரும் விசாரிப்பவரும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருக்கக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 'யார் சொல்கிறார்கள்?' என்ற கேள்வியின் மதிப்பை உணர்த்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

'எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?' என்று தாய்மார் கேட்கிறார்கள். ஆங்கிலம் வேண்டியதில்லை. ஒரு மொழியில் பழகிய சிந்தனைத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பதும் கம்மின்ஸ் சொன்னதுதான். பிள்ளை ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் அடுப்படியில் வேலை பார்த்துக்கொண்டே 'அது ஏன் அப்படி?', 'யார் சொன்னா?', 'இல்லைன்னா என்ன ஆகும்?' என்று கேளுங்கள். தெரியாதவருக்கு விளங்கும்படி சொல்ல முயலும்போதுதான் தனக்கு எங்கே விளங்கவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது என்பதே அங்கே உங்கள் பலம்.

தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையானால் வாரம் ஒரு தலையங்கத்தைத் தமிழில் படித்து, அதே பொருளில் ஆங்கில நாளிதழ் என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிடச் செய்யுங்கள். இரண்டும் எங்கே மாறுபடுகின்றன, எதை ஒன்று சொல்லி மற்றொன்று விட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. தமிழும் தேயாது.

இப்போது கைபேசியில் செயற்கை நுண்ணறிவு வந்து, இருபது பக்கத்தை இருபது விநாடியில் சுருக்கித் தந்துவிடுகிறது. பிள்ளைகள் அதையே படித்துவிட்டு நூலைப் படித்ததாக நினைக்கிறார்கள். முதலில் தானே பத்திக்கு ஒரு வரி எழுதிவிட்டு, பிறகு அந்தச் சுருக்கத்தோடு ஒப்பிட்டு, எது விட்டுப்போயிருக்கிறது, எது திரிந்திருக்கிறது என்று பார்த்தால் அதுவும் ஓர் ஆசிரியர்தான். முதலிலேயே அதைப் பார்த்தால், பிறர் மென்றதை விழுங்குவதுபோலத்தான். பசி அடங்கும், பல் வலுப்பெறாது.

நாளொன்றுக்கு அரைமணி நேரம், இரண்டு பக்கம் போதும். ஆனால் விடாமல் செய்ய வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் கல்லூரி வாசலில் கால் வைக்கும்போது நான்கு ஆண்டுப் பயிற்சி கையில் இருக்கும்.

நம் சங்க நூலகத்தில் ஒரு நீண்ட மேசை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காலியாகவே கிடக்கிறது. ஓய்வு பெற்ற நம்மவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த துறையில் ஒரு கட்டுரையோடு வந்து உட்கார்ந்தால், பத்துப் பிள்ளைகளுக்காவது இந்தப் பழக்கம் வரும். கணக்காளர் வரவு செலவுத் திட்டத்தைப் படித்துக் காட்டலாம், செவிலியர் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துக் காட்டலாம். ஆட்சிக்குழு இதை யோசிக்க வேண்டுகிறேன்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. இந்தக் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் சான்று காட்டிச் சொன்னவை எவை, என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொன்னவை எவை என்று பிரியுங்கள். ஏற்க முடியாத இடம் இருந்தால் காரணத்தோடு ஆசிரியருக்கு எழுதுங்கள். 'கட்டுரை மிக அருமை' என்று மட்டும் எழுத வேண்டாம். மறுத்து வரும் கடிதத்தையே ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.